கண்ட்ரோல் ரூமில் ஓயாத அலாரம்: அளவெடுப்பதிலிருந்து அடக்குவது வரை முழு வழிகாட்டி

ஒரு கண்ட்ரோல் ரூமுக்குள் போனதும் ஆபரேட்டரின் கீபோர்டைப் பாருங்கள். அலாரத்தை ஏற்றுக்கொள்ளும் 'ஆக்' பொத்தானில் மட்டும் எழுத்து அழிந்து வழவழவென்று இருந்தால், அந்த ஆலையின் அலாரம் நிலவரம் தெரிய வேறு அறிக்கை வேண்டாம். பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, திரைப் பக்கம் திரும்பாமலேயே விரல் அந்தப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கும். "என்ன அலாரம் அண்ணே அது?" என்று கேட்டால், "அது அப்படித்தான் சார் அடிக்கும், விடுங்க" என்று பதில் வரும். பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். அப்படியே அடித்துக்கொண்டிருக்கும் நூறு அலாரங்களுக்கு நடுவில் உண்மையான ஒன்று வந்தாலும் அதற்கும் இதே பதில்தான் கிடைக்கும் என்பதுதான் சிக்கல்.

டி.சி.எஸ். அல்லது பி.எல்.சி.–ஸ்காடா (ஆலையைக் கணினித் திரையிலிருந்து இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகள்) வைத்து ஓடும் ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட், பிராசஸ், உற்பத்திப் பிரிவுகளில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுத்திகரிப்பு ஆலை, உரம், அனல்மின், ரசாயனம், காகிதம் என்று எதுவானாலும் முறை ஒன்றுதான். இந்த வேலையைத் தொடங்குகிறோம் என்று தெரிந்தாலே அலாரம் மேலாண்மை மென்பொருள் விற்பவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களைக் கொஞ்சம் காக்க வையுங்கள். முதல் பாதி வேலைக்கு எக்செல், பொறுமையான ஒரு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், நைட் ஷிஃப்ட் ஆபரேட்டரோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள், இவ்வளவு போதும்.

இவ்வளவு அலாரம் எங்கிருந்து வந்தது?

பழைய பேனல் காலத்தில் புதிதாக ஒரு அலாரம் வேண்டுமென்றால் அனன்சியேட்டர் பெட்டியில் ஒரு ஜன்னல் ஒதுக்க வேண்டும். கேபிள் இழுக்க வேண்டும். ரிலே, விளக்கு, பெயர்த்தகடு எல்லாவற்றுக்கும் காசு. அதனால் "இது நிஜமாகவே வேண்டுமா?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். டி.சி.எஸ். வந்ததும் அந்தக் கேள்வி காணாமல் போய்விட்டது. ஒரு அனலாக் டேக்கை (ஒரு அளவீட்டுக்கு அமைப்பில் வைக்கும் அடையாளப் பெயர்) உருவாக்கினாலே உயர், மிக உயர், தாழ், மிகத் தாழ், விலகல், மாற்ற வேகம், சிக்னல் கோளாறு என்று ஏழெட்டு அலாரங்கள் கூடவே வந்துவிடும். ஒரு எண்ணைத் தட்டினால் போதும், செலவே இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஹசாப் (ஆலையின் அபாயங்களை அலசும் ஆய்வு) கூட்டத்திலும் "ஒரு அலாரம் போட்டுடலாம்" என்பதுதான் ஆளாளுக்குச் சட்டென்று ஒப்புக்கொள்ளும் தீர்வு. ஒரு விபத்தோ உற்பத்தி இழப்போ நடந்தால் விசாரணை அறிக்கையின் கடைசியில் இன்னும் இரண்டு அலாரம் முளைக்கும். போட்டவர் யார், எதற்குப் போட்டார் என்று பத்து வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. எடுத்துவிட்டால் நாளை நம் தலையில் விழும் என்ற பயத்தில் யாரும் கை வைக்கவும் மாட்டார்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் துறையில் எல்லோரும் காட்டும் உதாரணம் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை. 1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. காலையில் இடி மின்னலோடு புயல்மழை, அதனால் ஆலை முழுக்கக் குழப்பம். டீபியூட்டனைசர் என்ற கோபுரத்திலிருந்து திரவம் வெளியேறும் வால்வு மூடியே கிடந்தது. கண்ட்ரோல் திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. உள்ளே திரவம் போய்க்கொண்டே இருந்தது, வெளியே வர வழியில்லை. மணிக்கணக்கில் சேர்ந்த திரவம் கடைசியில் ஃபிளேர் டிரம்மை (எரிக்க அனுப்பும் வாயுவிலிருந்து திரவத்தைப் பிரிக்கும் கலம்) நிரப்பி, அதன் வெளிக்குழாயை உடைத்தது. ஏறத்தாழ 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறி வெடித்தது. 26 பேருக்குக் காயம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆலையில் ஆட்கள் குறைவு, உயிர்ச்சேதம் இல்லை.

வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் வந்த அலாரங்கள் 275. நிமிடத்துக்கு 25. ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து அதைத் திரையிலிருந்து தள்ளிவிடும். பிரிட்டன் அரசின் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. விசாரித்துவிட்டு மூன்று குறைகளைச் சொன்னது: அலாரங்கள் மிக அதிகம், முன்னுரிமை சரியாகப் பிரிக்கப்படவில்லை, மொத்த நிலவரத்தை ஒரே பார்வையில் காட்டும் திரை இல்லை. இன்று எந்த ஆலையைத் தணிக்கை செய்தாலும் இதே மூன்றில் குறைந்தது இரண்டு தேறும்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் 1999-இல் அலாரம் மேலாண்மைக்கான ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191 வழிகாட்டி வந்தது. 2009-இல் அமெரிக்காவின் ஐ.எஸ்.ஏ. 18.2, 2014-இல் சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62682. கீழே சொல்லும் எண்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்து வந்தவை.

முதல் படி: எது அலாரம் என்று எழுதி வையுங்கள்

தரங்கள் சொல்லும் வரையறையை நம் மொழியில் சொன்னால் இதுதான்: ஏதோ ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, அதற்கு ஆபரேட்டர் குறித்த நேரத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒலியாலோ ஒளியாலோ அவருக்குச் சொல்வது அலாரம்.

இதிலிருந்து மூன்று கேள்விகள் பிறக்கின்றன. நிலைமை இயல்புக்கு மாறானதா? ஆபரேட்டர் செய்ய ஏதாவது இருக்கிறதா? செய்ய அவருக்கு நேரம் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் அது அலாரம் கிடையாது. 'பம்ப் ஓடத் தொடங்கியது' என்பது செய்தி, ஈவென்ட் லாக்கில் போகட்டும். 'அனலைசருக்கு சர்வீஸ் நேரம் வந்துவிட்டது' என்பது பராமரிப்புப் பிரிவுக்குப் போக வேண்டிய தகவல். நைட் ஷிஃப்டில் ஆபரேட்டருக்கு அதைச் சொல்லி என்ன பயன்? 'குழாய் வெப்பநிலை கவனிக்க' என்பது செயல் அல்ல. கவனிப்பது அவருடைய தினசரி வேலை.

இந்த ஆவணத்துக்குத் துறையில் அலாரம் ஃபிலாசஃபி என்று பெயர். கன்சல்டன்டிடம் கேட்டால் எண்பது பக்கத்தில் தருவார், அது அலமாரிக்குப் போகும். வரையறை, முன்னுரிமை எப்படித் தீர்மானிப்பது, எல்லையை மாற்ற யார் கையெழுத்து, தற்காலிகமாக ஒதுக்கி வைக்க யாருக்கு உரிமை, நம் இலக்கு எண்கள் என்ன, இவை இருந்தால் போதும். ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒரே உட்காரலில் படித்து முடிக்கிற நீளத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது படி: அளவெடுங்கள்

டி.சி.எஸ்.-இன் அலாரம் ஜர்னலில் இருந்து ஒரு மாதத் தரவை சி.எஸ்.வி. கோப்பாக எடுங்கள். ஹனிவெல், யோகோகாவா, எமர்சன், ஏபிபி, சீமென்ஸ் எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு. தேதி–நேரம், டேக், அலாரம் வகை, முன்னுரிமை, நிலை, எந்த கன்சோல் என்ற பத்திகள் வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே அலாரத்துக்கு லாக்கில் மூன்று வரி விழும்: வந்தது, ஏற்றுக்கொண்டது, இயல்புக்குத் திரும்பியது. 'வந்தது' என்ற வரிகளை மட்டும் வடிகட்டி எடுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை மூன்று மடங்காகத் தெரியும். அந்த எண்ணை மேலாளரிடம் காட்டி, பிறகு அவரே தவறைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் அடுத்த அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொன்று, எல்லாக் கணக்கும் ஒரு ஆபரேட்டர் கன்சோலுக்கு. ஆலை முழுவதுக்கும் சேர்த்துச் சொன்னால் அர்த்தமில்லை.

அளவுகோல் இதுதான். ஒரு ஆபரேட்டருக்கு ஒரு நாளைக்கு 150 அலாரம் வரை இருந்தால் சமாளிக்கலாம். அதாவது பத்து நிமிடத்துக்கு ஒன்று. 300 என்பது தாங்கக்கூடிய உச்சம், பத்து நிமிடத்துக்கு இரண்டு. பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தால் அது அலாரம் வெள்ளம். மொத்த நேரத்தில் 1%-க்கும் குறைவாகவே வெள்ளம் இருக்க வேண்டும்.

சராசரியை மட்டும் வைத்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். நாளைக்கு 140 என்று அழகாக வரும். உள்ளே போய்ப் பார்த்தால் இருபத்திரண்டு மணி நேரம் நிம்மதி, ஸ்டார்ட்-அப் செய்த இரண்டு மணி நேரத்தில் மொத்தமும் கொட்டியிருக்கும். எக்செலில் நேரத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை என்று வரைந்து பாருங்கள். அந்த வரைபடம்தான் உண்மையைப் பேசும்.

கூடவே மூன்று பட்டியல் எடுங்கள். அதிகம் அடித்த பத்து டேக்குகள், ஒரு நிமிடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்து போனவை, 24 மணி நேரத்துக்கும் மேலாக அணையாமல் நிற்பவை.

மூன்றாவது படி: அதிகம் அடிக்கும் பத்துப் பேர்

முதல் தடவை பட்டியல் எடுப்பவர்கள் அசந்துபோவது இங்கேதான். ஆயிரக்கணக்கான டேக்குகளில் பத்தே பத்து, மொத்த எண்ணிக்கையில் பெரும் பங்கை விழுங்கியிருக்கும். தரத்தின்படி முதல் பத்தின் பங்கு 5%-க்குள் இருக்க வேண்டும். கவனிக்காமல் விட்ட ஆலையில் பாதியைத் தாண்டியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இது நல்ல செய்தி, ஏனென்றால் பத்து டேக்கைச் சரிசெய்தாலே கண்ட்ரோல் ரூமில் சத்தம் குறைந்ததை எல்லோரும் உணர்வார்கள். பிறகு வரும் கடினமான வேலைக்கு ஆபரேட்டர்களின் ஒத்துழைப்பு தானாகக் கிடைக்கும்.

பட்டியலில் முதலிடத்தில் ஒரு கலக்கித் தொட்டியின் மட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லாக் இப்படித் தெரியும்:

02:14:07 – எல்.ஐ. 204 – உயர் மட்டம் – 80.1%
02:14:11 – எல்.ஐ. 204 – இயல்பு – 79.9%
02:14:16 – எல்.ஐ. 204 – உயர் மட்டம் – 80.2%
02:14:19 – எல்.ஐ. 204 – இயல்பு – 79.8%

உள்ளே அஜிடேட்டர் சுற்றுகிறது, திரவ மேற்பரப்பு அலைபாய்கிறது, 80% கோட்டை ஒவ்வொரு அலையும் தொட்டுத் தொட்டுப் போகிறது. ரொம்பப் பேர் உடனே செய்வது டெட்பேண்டைக் கூட்டுவது. மட்டத்துக்கு 5% டெட்பேண்ட் என்று புத்தகம் சொல்கிறது, சரி, போட்டுவிடலாம். 80-இல் அடிக்கும் அலாரம் இனி 75-க்கு இறங்கினால்தான் அணையும்.

இப்போது கண்ட்ரோலரின் செட்பாயிண்டை (மட்டம் நிற்க வேண்டிய மதிப்பு) பாருங்கள். 78%. மட்டம் நாள் முழுக்க 78-ஐச் சுற்றியே நிற்கும், 75-க்கு இறங்கவே இறங்காது. சடசடத்துக்கொண்டிருந்த அலாரம் இப்போது நாள் கணக்கில் அணையாமல் நிற்கும் அலாரமாகிவிட்டது. எண்ணிக்கை குறைந்தது, அறிக்கை அழகானது, ஆபரேட்டருக்குக் கிடைத்த தகவல் பூஜ்யம்தான். இங்கே நோய் டெட்பேண்டில் இல்லை. ஓட்டும் மட்டத்துக்கும் அலாரம் எல்லைக்கும் இடையில் இரண்டே சதவீதம் விட்டதுதான் நோய். எல்லையை எங்கே வைக்கலாம் என்று அடுத்த படியில் கணக்குப் போட்டுத் தள்ளி வைத்துவிட்டு, அதன்பிறகு டெட்பேண்ட் போடுங்கள்.

தொடக்க மதிப்புகள் இவை. ஓட்டத்துக்கு அளவீட்டு வரம்பில் 5% டெட்பேண்ட், 15 விநாடி டிலே. மட்டத்துக்கு 5%, 60 விநாடி. அழுத்தத்துக்கு 2%, 15 விநாடி. வெப்பநிலைக்கு 1%, 60 விநாடி. இவை தொடங்கும் இடம் மட்டுமே. உங்கள் டிரெண்டை (மதிப்பு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடம்) பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

டிலேயில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. அலாரம் அணைவதைத் தாமதப்படுத்துவது ஒன்று. முதல் அறிவிப்பு உடனே வந்துவிடும், மீண்டும் மீண்டும் வருவது மட்டும் நிற்கும், பெரும்பாலும் ஆபத்தில்லாத வழி. அலாரம் வருவதையே தாமதப்படுத்துவது மற்றொன்று. இதில் அந்த விநாடிகள் ஆபரேட்டரின் கையிலிருந்து பறிக்கப்படுகின்றன. கம்ப்ரஸர் லூப்ரிகேஷன் ஆயில் அழுத்தம் போன்ற வேகமான விஷயத்தில் 15 விநாடி என்பது பேரிங்கின் ஆயுள்.

பட்டியலில் மீதியில் பலவற்றுக்குக் கான்ஃபிகரேஷனைத் தொடவே வேண்டியதில்லை. ஸ்க்ரூடிரைவர் எடுத்தால் போதும். டெர்மினல் தளர்ந்திருக்கும், இம்பல்ஸ் லைன் அடைத்திருக்கும், ஜங்ஷன் பாக்ஸுக்குள் மழைத்தண்ணீர் நிற்கும், வால்வின் லிமிட் சுவிட்ச் அதிர்வில் இடம் நகர்ந்திருக்கும். இவற்றுக்கு வொர்க் ஆர்டர் போட்டு முடியுங்கள். பழுதான கருவியின் அலாரத்துக்கு டிலே போட்டு மறைப்பது மோசமான பழக்கம். இன்னும் சிலவற்றில் லூப் டியூனிங் (கண்ட்ரோலர் எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்ற அமைப்பு) தவறாக இருக்கும். சைன் அலை மாதிரி ஏறி இறங்கி, ஒவ்வொரு உச்சியிலும் அலாரம் அடிக்கும். டியூனிங்கைச் சரிசெய்தால் அலாரமும் போகும், உற்பத்தித் தரமும் கூடும்.

நாள்கணக்கில் நிற்கும் அலாரங்களில் பெரும்பாலானவை ஓடாத இயந்திரங்களுடையவை. ஸ்டாண்ட்பை பம்ப் நின்றிருக்கிறது, 'டிஸ்சார்ஜ் அழுத்தம் குறைவு' என்று இரவு பகலாக எரிகிறது. நின்ற பம்பில் அழுத்தம் குறையாமல் என்ன செய்யும்? இதற்கு மருந்து ஐந்தாவது படியில்.

நான்காவது படி: ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசுவது

ரேஷனலைசேஷன் என்று இதற்குப் பெயர். சலிப்பான வேலை, குறுக்குவழி கிடையாது. மேசையைச் சுற்றி அனுபவமுள்ள ஒரு ஆபரேட்டர், பிராசஸ் எஞ்சினியர், இன்ஸ்ட்ருமென்ட் எஞ்சினியர் மூவரும் கட்டாயம் இருக்க வேண்டும். சுழலும் இயந்திரம் வந்தால் மெக்கானிக்கல் ஆள், பாதுகாப்பு சம்பந்தப்பட்டது வந்தால் சேஃப்டி ஆள். ஆபரேட்டர் இல்லாமல் எஞ்சினியர்கள் மட்டும் உட்கார்ந்து முடித்த பட்டியலைக் குப்பையில் போடலாம்.

ஒவ்வொரு அலாரத்துக்கும் கேட்பது: இது எதனால் வரும்? கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? ஆபரேட்டர் சரியாக என்ன செய்வார்? அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? பதிலை அங்கேயே மாஸ்டர் அலாரம் பட்டியலில் எழுத வேண்டும். "என்ன செய்வார்" என்ற கேள்விக்கு மேசையில் யாரும் வாய் திறக்காவிட்டால் அந்த அலாரத்தின் கதை முடிந்தது, எடுத்துவிடலாம். தாழ், மிகத் தாழ் இரண்டுக்கும் செயல் ஒன்றே என்றால் ஒன்று போதும்.

எல்லை வைப்பது வெறும் ஊகமாகவே நடக்கிறது. டிசைன் காலத்தில் யாரோ 90% என்று எழுதினார், இன்றும் 90%. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 கன மீட்டர் தொட்டி. மணிக்கு 30 கன மீட்டர் வரத்து. 95%-இல் வழிந்துவிடும். அலாரம் 90%-இல் என்றால் மிச்சம் 5%, அதாவது 3 கன மீட்டர். அது நிரம்ப 6 நிமிடம். இப்போது ஆபரேட்டர் பக்கம் வாருங்கள். அலாரத்தைப் பார்த்து டிரெண்டைத் திறந்து உறுதி செய்ய 2 நிமிடம். வாக்கி-டாக்கியில் ஃபீல்டு ஆபரேட்டரை அழைத்து அவர் தொட்டிக்கு நடந்து போக 5 நிமிடம். கைச்சக்கரத்தைச் சுற்றி வால்வை மூட 2 நிமிடம். மொத்தம் 9. அலாரம் அடித்து, எல்லோரும் சரியாகச் செயல்பட்டு, அப்படியும் தொட்டி வழியும். 85%-இல் வைத்தால் 12 நிமிடம் கிடைக்கிறது. மூன்று நிமிடம் கூடுதல், ஃபீல்டு ஆபரேட்டர் ஆலையின் அந்தக் கோடியில் இருந்தாலும் தாங்கும். நடந்து போகும் நேரத்தை மேசையில் இருந்தபடி எழுதாதீர்கள். ஒரு முறை அவரோடு நடந்து பாருங்கள், பைப் ரேக்கைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

முன்னுரிமை இரண்டை வைத்துத்தான் வர வேண்டும்: விளைவு எவ்வளவு கடுமை, செயல்பட எவ்வளவு நேரம். கடுமையான விளைவு, குறைந்த நேரம் என்றால் உயர் முன்னுரிமை. கடுமை அதிகம் என்றாலும் அரை மணி நேரம் இருந்தால் ஒரு படி இறக்கலாம். முடிவில் கூட்டிப் பார்க்கும்போது தாழ் 80%, நடுத்தரம் 15%, உயர் 5% என்ற அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒவ்வொரு பிரிவும் தன் இயந்திரம்தான் உயிர்நாடி என்று வாதாடும். எல்லாவற்றுக்கும் சிவப்பு கொடுத்துவிட்டால் சிவப்புக்கு மதிப்பில்லை என்பதை அங்கே உறுதியாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவர் அந்தப் பிரிவைச் சேராதவராக இருந்தால் நல்லது.

ஒரு எச்சரிக்கை. லோபா போன்ற பாதுகாப்பு ஆய்வில் ஒரு பாதுகாப்பு அடுக்காகக் கணக்கில் எடுக்கப்பட்ட அலாரங்கள் இருக்கும். அவற்றைக் கூட்டம் தொடங்கும் முன்பே தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றின் எல்லையையோ டிலேயையோ அந்த ஆய்வைத் திரும்பத் திறக்காமல் தொடக் கூடாது.

ஐந்தாவது படி: வெள்ளத்தைக் கட்டுவது

மேலே சொன்னவை எல்லாம் சாதாரண நாளின் சத்தத்தைக் குறைக்கும். ஒரு கம்ப்ரஸர் டிரிப் ஆகும் (தானாக நின்றுவிடும்) நிமிடத்தில் கொட்டுவதை அவை தடுக்காது. ஆபரேட்டருக்கு மிகத் தெளிவாகத் தெரிய வேண்டிய நேரமும் அதுதான். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் முதல் சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் வந்தன. அலாரங்களை அச்சிடும் பிரிண்டர் நிகழ்வுகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெகுவாகப் பின்தங்கிப்போனது.

ஃபீட் பம்ப் ஒன்று டிரிப் ஆகிறது. உடனே வருபவை: பம்ப் டிரிப், டிஸ்சார்ஜ் அழுத்தம் குறைவு, ஓட்டம் குறைவு, மோட்டார் கரண்ட் குறைவு, ஓட்ட விலகல், அடுத்த கோபுரத்தில் மட்டம் குறைவு. முதல் ஒன்றும் கடைசி ஒன்றும்தான் செய்தி. நடுவில் வந்த நான்கும் முதலாவதின் எதிரொலி. பம்ப் நின்றிருக்கிறது என்ற நிலையை வைத்து அந்த நான்கையும் தானாக அடக்கும் லாஜிக்கை டி.சி.எஸ்.-இலேயே எழுதலாம். ஸ்டாண்ட்பை பம்பின் ஓயாத அலாரமும் இதே லாஜிக்கில் அடங்கிவிடும்.

எழுதும்போது சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடக்குவது அலாரத்தை மட்டுமே, இன்டர்லாக்கை (ஆபத்தில் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு) ஒருபோதும் அல்ல. பம்ப் நின்றதை ஒரே ஒரு ரன் ஃபீட்பேக் காண்டாக்டை (பம்ப் ஓடுகிறதா என்று சொல்லும் சுவிட்ச்) நம்பித் தீர்மானிக்காதீர்கள். அந்த காண்டாக்ட் பழுதானால் ஓடும் பம்பின் அலாரங்கள் எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். மோட்டார் கரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பம்ப் திரும்ப ஓடத் தொடங்கியதும் அழுத்தம் ஏறச் சில விநாடி அவகாசம் கொடுத்துவிட்டு அலாரத்தைத் திரும்ப உயிர்ப்பியுங்கள். டிரிப்புக்கு முன்பே வந்த அலாரத்தை அழிக்காதீர்கள். ஓட்டம் குறைந்ததால்தான் பம்ப் டிரிப் ஆனது என்றால் அந்த முதல் அலாரம்தான் காரணம் சொல்லும் சாட்சி. எது முதலில் வந்தது என்று காட்டும் ஃபர்ஸ்ட்-அவுட் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஸ்டார்ட்-அப், ஷட்டவுன், ரீஜெனரேஷன் போன்ற நிலைகளுக்குத் தனித்தனி எல்லைகளை மாற்றிப்போடும் முறையும் உண்டு. பேட்ச் ஆலைகளுக்கு அது அவசியம். தொடர்ந்து ஓடும் ஆலையில் முதலில் பெரிய இயந்திரங்களின் டிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கினாலே போதும்.

ஆறாவது படி: ஒதுக்கி வைப்பதற்கு ஒழுங்கு

டிரான்ஸ்மிட்டர் கெட்டுவிட்டது, உதிரிபாகம் வர இரண்டு நாள் ஆகும். அதுவரை அந்த அலாரம் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆபரேட்டரே அதைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒதுக்கி வைக்க ஷெல்விங் என்ற வசதி இருக்கிறது. நேரம் முடிந்ததும் தானாகத் திரும்ப வந்துவிடும். அதிகபட்சம் ஒரு ஷிஃப்ட் என்று வையுங்கள், காரணம் எழுதாமல் ஒதுக்க முடியாதபடி செய்யுங்கள், உயர் முன்னுரிமைக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் அனுமதி கட்டாயம். ஒதுக்கிய பட்டியலைத் திரையில் வைத்து வாசித்துவிட்டுத்தான் அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

இந்த வசதியைக் கொடுக்காவிட்டால் ஆபரேட்டர்கள் தாங்களே வழி கண்டுபிடிப்பார்கள். ஹூட்டருக்குள் துணி அடைத்திருப்பதை நிறையக் கண்ட்ரோல் ரூம்களில் பார்க்கலாம். அதைப் பார்த்து மெமோ கொடுப்பவர்கள், அந்தத் துணி எதற்கு வந்தது என்று கேட்பதில்லை. மறுபக்கமும் உண்டு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்து 11 பேர் இறந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடையில், தவறான அலாரங்களால் நடுராத்திரியில் ஆட்களின் தூக்கம் கெடக் கூடாது என்று பொது அலாரம் தானாக ஒலிக்காதபடி முடக்கி வைக்கப்பட்டிருந்ததாக அங்கே பணியாற்றிய தலைமை எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் விசாரணையில் சாட்சி சொன்னார். நேர வரம்பு இல்லாமல் முடக்குவதற்கும் ஷெல்விங்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஏழாவது படி: திரும்பவும் முளைக்காமல் பார்ப்பது

எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி அலாரங்கள் பழைய எண்ணில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ அவசரத்தில் எல்லையை மாற்றியிருப்பார்கள், திரும்ப வைக்க மறந்திருப்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. வாரத்துக்கு ஒரு முறை டி.சி.எஸ்.-இல் உள்ள எல்லைகளை எடுத்து மாஸ்டர் பட்டியலோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். உண்மையாகவே மாற்றம் தேவை என்றால் எம்.ஓ.சி. (மாற்ற மேலாண்மை) படிவம் வழியாக வரட்டும். மென்பொருள் வாங்குவதாக இருந்தால் இந்தக் கட்டத்தில் வாங்குங்கள், அப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும்.

மாத அறிக்கை ஒரே பக்கம் இருக்கட்டும்: பத்து நிமிட வரைபடம், முதல் பத்துப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நேராகச் சரிசெய்ய வேண்டியவர் பெயர், எப்போதைக்குள் என்று ஒரு தேதி. எந்த ஷிஃப்டில் அதிகம் அடித்தது என்று தரவரிசை போடாதீர்கள். அன்றைக்கே ஷெல்விங் எண்ணிக்கை ஏறும், பிறகு உங்கள் தரவை நீங்களே நம்ப முடியாது.

புதிதாக வரும் பேக்கேஜ் யூனிட்டுகள்தான் கடைசி ஓட்டை. சில்லர், ஏர் கம்ப்ரஸர், ஆர்.ஓ. பிளான்ட் எல்லாம் தன் சொந்த பி.எல்.சி.-யோடும் நூற்றுக்கணக்கான அலாரங்களோடும் வந்து இறங்கும். கமிஷனிங் அவசரத்தில் அத்தனையையும் மோட்பஸ் (தரவுத் தொடர்பு முறை) வழியாக டி.சி.எஸ்.-க்கு இழுத்து, எல்லாவற்றுக்கும் உயர் முன்னுரிமை போட்டுவிட்டு வெண்டர் ஊருக்குக் கிளம்பிவிடுவார். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்: ஒவ்வொரு அலாரத்துக்கும் காரணம், விளைவு, ஆபரேட்டர் செயல், கிடைக்கும் நேரம் நிரப்பிய பட்டியலை வெண்டர் தர வேண்டும், அதை ஆலையின் குழு பார்த்து ஒப்புதல் தரும் வரை கடைசித் தவணை கிடையாது. பெரும்பாலான யூனிட்டுகளுக்கு 'பொதுக் கோளாறு', 'டிரிப்' என்று இரண்டு மூன்று அலாரம் மெயின் கன்சோலுக்கு வந்தால் போதும். மற்றவற்றை அந்த யூனிட்டின் சொந்த பேனலில் ஃபீல்டு ஆபரேட்டர் பார்த்துக்கொள்வார்.